ஈச்சிலம்பற்றுக்கு மட் டயர் எதற்கு?

மாரி தொடங்குவதற்கு முன் மூதூரிலோ திருகோணமலையிலோ டயர் கடையொன்றில் போய் நில்லுங்கள். ஈச்சிலம்பற்றுப் பக்கம் ஓடும் கெப் என்று தெரிந்தவுடன் கிடைக்கும் ஆலோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: "உங்கட பக்கத்துக்கு மட் டயர்தான் சரி. போடுறதெண்டா அகலமாப் பாத்துப் போடுங்க, பத்துப் பிளை எடுங்க." கடைக்காரர் சொல்வதையே வயல் கொந்தராத்துக்காரரும் மீன் வாடிக்கு ஐஸ் ஏற்றும் சாரதியும் சொல்கிறார்கள். நாலு சில்லும் இழுக்கும் வாகனத்துக்குக் கட்டை கட்டையாய்ப் பல் வைத்த பெரிய டயர் வேண்டும் என்பதை இங்கே யாரும் கேள்வி கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பது என் கட்சி. தவறான டயருக்கு ஒரு செட்டில் லட்சக்கணக்கான ரூபா போகிறது. மழைநாளில் அதைவிடப் பெரிய விலையும் கொடுக்க நேரலாம்.

முதலில் "எங்கட ரோட்டுக்கு" என்ற பேச்சை எடுத்துக்கொள்வோம். அது உண்மையாக இருந்த காலம் உண்டு. ஆற்றுக்கு ஆறு, வண்டியை அக்கரை சேர்க்கும் பாதைப் படகுக்குக் காத்திருந்து, இடையில் கிடங்கும் சேறுமாய்க் கிடந்த தெருவில் உருண்டுதான் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் போய் வந்தோம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மற்ற ஆறுகளுக்கும் பாலங்கள் வந்தன. ஏ-15 வீதி காபெட் ஆனது. இன்று இந்தப் பகுதியில் ஓடும் ஒரு டபுள் கெப்பின் நாளைப் பாருங்கள். மூதூருக்கும் வாகரைக்கும் போவது காபெட்டில். உள்ளூருக்குள் திரும்புவது கிறவலில். வயல் வரம்போரத்திலோ கடற்கரை மணலிலோ களப்பு ஓரத்திலோ இறங்குவது கடைசிச் சிறு துண்டு. அந்தச் சிறு துண்டை மட்டும் மனத்தில் வைத்து டயர் வாங்கி, மீதித் தூரம் முழுவதும் அதன் குறைகளைச் சுமந்துகொண்டு ஓடுகிறோம்.

அந்தக் குறைகளில் சத்தமும் டீசல் செலவும் சிறியவை. 2022இல் கியூ.ஆர். குறியீட்டோடு எரிபொருள் வரிசையில் நின்றவர்களுக்கு இரண்டாவது அவ்வளவு சிறியதாகத் தோன்றாது. என்றாலும் இரண்டையும் விட்டுவிடலாம். விட முடியாதது ஈரத் தார். மட் டயரின் கட்டைகளுக்கு இடையே இருக்கும் பெரிய வெற்றிடம் சேற்றை உதறுவதற்காக வைத்தது. அதே வெற்றிடத்தால் தாரில் படும் ரப்பர் குறைகிறது. உயரமான கட்டைகள் பிரேக் பிடிக்கும்போது வளைந்து கொடுக்கின்றன. நனைந்த வீதியில் இந்த டயர் நிற்க எடுக்கும் தூரம் சாதாரண டயரைவிட நீளம். நம் பகுதியின் மழையில் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் பெய்கிறது. எந்த மாதங்களுக்காக மட் டயர் போடுகிறோமோ அதே மாதங்களில்தான் ஏ-15 பளபளவென்று நனைந்து கிடக்கிறது, மாடுகளும் வயலை விட்டு மேடான அந்த வீதிக்கு ஏறுகின்றன. இருட்டில் மாடு குறுக்கே வரும்போது தேவைப்படுவது பிரேக். சேற்றுப் பிடி அங்கே உதவாது.

"சரி, ஆனால் சேத்துக்குள்ள மட் டயர்தானே எடுக்கும்?" எடுக்கும், சில சேற்றில். மேலே ஓரடிச் சகதியும் அடியில் கெட்டியான கிறவலும் உள்ள இடத்தில் அதன் பல்லுகள் அடித்தரையைத் தேடிப் பிடிக்கும். காட்டோரத் தெருக்களில், மரம் ஏற்றும் இடங்களில் அதற்கு நிகரில்லை. அங்கேயே நாள் முழுக்க வேலை செய்பவர் மட் டயர் போடுவதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் வெருகல் ஆறு, அதாவது கடலை நெருங்கும் மகாவலியின் ஒரு கிளை, பல நூற்றாண்டாய்க் கொண்டுவந்து கொட்டிய வண்டல் களியில் கதை வேறு. அதற்கு அடித்தரையே இல்லை. ஈரமானால் கீழே போகப் போகச் சுரிதான். பல்லுள்ள டயர் அங்கே சுற்றும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பிடி மண்ணை வெட்டி வெளியே எறிகிறது. சாரதி அக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி தனக்குத் தானே குழி தோண்டி, அச்சு மண்ணில் உட்கார்ந்துவிடும். வயலில் இறங்கும் உழவு இயந்திரத்துக்கு நம் ஆட்கள் ஏன் இரும்புச் சில்லு பூட்டுகிறார்கள் என்று யோசித்தால் இது விளங்கும். அந்த வேலைக்கு எந்த கெப் டயரும் செய்யப்படவில்லை. உழுத வயலுக்குள் கெப்பை இறக்காமல் இருப்பதே அதற்கான தீர்வு.

மணலில் நிலைமை இன்னும் மோசம். இலங்கைத்துறை முகத்துவாரப் பக்கத்துக் கடற்கரையில் இறங்குகிறவருக்கு வேண்டியது மேலே மிதக்கும் டயர். மணலைக் கீறும் கூரான கட்டைகள் அங்கே மண்வெட்டியின் வேலையைச் செய்கின்றன.

இங்கேதான் அடுத்த நம்பிக்கை வருகிறது: அகலமாய் இருந்தால் புதையாது. கேட்கும்போது நியாயமாகப் படுகிறது. கணக்குப் போட்டால் நிற்காது. ஒரு சில்லின் மீது 500 கிலோ பாரம் இருக்கிறது, டயருக்குள் காற்று 35 பிஎஸ்ஐ என்று வையுங்கள். 35 பிஎஸ்ஐ என்றால் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ. 500 கிலோவைத் தாங்க ஏறத்தாழ 200 சதுர சென்ரிமீற்றர் நிலத்தில் பட்டால் போதும். டயர் 235 மில்லிமீற்றர் அகலமோ 265 மில்லிமீற்றர் அகலமோ, அந்தப் பரப்பில் பெரிய மாற்றம் வராது. அகல டயரில் தடம் அகன்று நீளம் குறைகிறது, அவ்வளவுதான். இப்போது காற்றை 18 பிஎஸ்ஐக்கு இறக்குங்கள். படும் பரப்பு 400 சதுர சென்ரிமீற்றரை எட்டுகிறது. டயரின் பக்கச் சுவரும் கொஞ்சம் பாரம் தாங்குவதால் இது துல்லியமான கணக்கு இல்லை; ஆனாலும் போக்கு இதுதான். இரண்டு மடங்கு தடம் கிடைத்தது, ஐந்து சதச் செலவில்லாமல். கூடிய பரப்பில் பெரும்பகுதி நீளவாக்கில் கிடைக்கிறது, அதுவும் நல்லதுதான். ஏனென்றால் அகன்ற டயர் தனக்கு முன்னால் அகன்ற ஒரு மண்சுவரைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஒடுங்கிய நீளத் தடத்துக்கு அந்தத் தடை குறைவு.

இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. இரண்டாம் உலகப் போரில் 1942இல் அமெரிக்கர்கள் உருவாக்கிய டக் என்ற நீரிலும் நிலத்திலும் ஓடும் லொறி, கடலிலிருந்து ஏறி மணற்கரையைத் தாண்ட வேண்டியிருந்தது. அதற்கு அவர்கள் அகல டயரைத் தேடி அலையவில்லை. சாரதி ஆசனத்தில் இருந்தபடியே டயர்க் காற்றை இறக்கவும் ஏற்றவும் ஒரு அமைப்பைப் பொருத்தினார்கள். நம் கண் முன்னால் நடந்த உதாரணமும் உண்டு. சுனாமிக்குப் பிறகும், 2007இல் மீள்குடியேற்றம் தொடங்கிய பிறகும் தொண்டு நிறுவனங்களின் வெள்ளை லேண்ட் குரூசர்கள் இந்தக் கிழக்குக் கரையெங்கும் ஓடித் திரிந்தன. அந்த வகை லேண்ட் குரூசருக்கு உலகம் முழுவதும் வழக்கமாய்ப் போடும் அளவு 7.50 ஆர் 16. உயரமானது, ஒடுங்கியது. அகலத்தில்தான் விஷயம் இருந்தால் பாலைவனத்துக்கும் போர் நிலத்துக்கும் போகும் வண்டிகளுக்கு அதை ஏன் போடுகிறார்கள்?

உயரம் பற்றியும் ஒரு சொல். 245/70 ஆர் 16 டயரைக் கழற்றி 265/75 ஆர் 16 போட்டால் விட்டம் 749 மில்லிமீற்றரிலிருந்து 804 ஆகிறது. வண்டியின் அடிவயிறு உயர்வது அதில் பாதி, மூன்று சென்ரிமீற்றர்கூட இல்லை. பதிலுக்கு வேகமானி 80 காட்டும்போது வண்டி உண்மையில் 86இல் போகிறது, பிரேக் கூடுதலாய் உழைக்கிறது, முதல் கியரின் இழுவை குறைகிறது. சேற்றில் மெதுவாய் ஊர்ந்து ஏற வேண்டிய இடத்தில் அந்த இழுவையைத்தான் நம்பியிருக்கிறோம்.

பத்துப் பிளைக்கு வருவோம். முள்ளுக்கும் முள்ளுக்கம்பிக்கும் சிப்பி ஓட்டுக்கும் தடித்த டயர் தாங்கும் என்கிறார்கள். ஓரளவு தாங்கும். ஆனால் காற்றை இறக்கியதும் வயிறு வைத்துப் படர்வதுதான் மணலில் டயர் செய்யும் வேலை. பக்கச் சுவர் தடித்துப் போனால் அது படர மறுக்கும். நெல் மூட்டை, சீமெந்து, கல் என்று அடிக்கடி முழுப் பாரம் ஏற்றுகிறவருக்குப் பார வண்டிகளுக்கான தடித்த எல்.டி. வகை வேண்டும், அதில் சந்தேகமில்லை. குடும்பத்தோடு கோயிலுக்கும் ஆசுபத்திரிக்கும் போகும் வண்டிக்கு அது உடம்பைக் குலுக்கும் வீண் பாரம். உங்கள் வண்டிக்கு எவ்வளவு தேவை என்று டயரிலேயே எழுதியிருக்கிறது: 265/65 ஆர் 17 என்ற அளவுக்குப் பின்னால் வரும் 112 என்பதற்கு ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும் என்று பொருள். கம்பனி போட்டு அனுப்பிய எண்ணுக்குக் குறையாமல் எடுத்தால் பெரும்பாலானோருக்குப் போதும்.

வெள்ளத்தைப் பற்றிய நம்பிக்கைதான் என்னை மிகவும் பயப்படுத்துகிறது. பெரிய டயர் போட்ட ஜீப் வெள்ளத்தைக் கடக்கும் என்று சொல்லி ஓடும் நீரில் இறக்குகிறார்கள். 2011 ஜனவரி வெள்ளத்தையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு மகாவலி பெருக்கெடுத்ததையும் பார்த்த ஊரில் இதை இன்னும் சொல்ல வேண்டியிருப்பது வேதனை. ஓடும் நீர் முப்பது சென்ரிமீற்றர் இருந்தால் சிறிய காரை இழுக்கும். அறுபது சென்ரிமீற்றர் இருந்தால் ஜீப்பையும் கெப்பையும் தூக்கிவிடும். டயர் என்பது காற்று அடைத்த பை. பெரிதாய் இருந்தால் இன்னும் சுலபமாய் மிதக்கும். மிதக்கும் வண்டிக்கு எந்தப் பல்லும் பிடி தராது. வெள்ளம் தெருவைக் குறுக்கே அறுத்து ஓடும்போது நிற்பதைத் தவிர வேறு வழியில்லை, சில்லு எதுவானாலும்.

காசு மிச்சம் பிடிக்க இரண்டு மட் டயரைப் பின்னுக்கு மட்டும் போடும் பழக்கம் ஒன்று உண்டு. நாலு சில்லு இழுக்கும் வண்டியில் இதைச் செய்யவே கூடாது. முன் சில்லும் பின் சில்லும் ஒரே சுற்றளவில் இருந்தால்தான் இடையிலுள்ள கியர்ப் பெட்டிக்கு நிம்மதி. சுற்றளவு வேறானால் போர் வீல் போட்டு ஓடும் ஒவ்வொரு கணமும் முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கும். கடைசியில் டயரில் மிச்சம் பிடித்த காசு கராஜுக்குப் போகும். ஸ்பெயார் சில்லும் அதே அளவில் இருக்க வேண்டும்.

அப்படியென்றால் எதை வாங்குவது? ஈச்சிலம்பற்றில் ஓடும் பத்தில் எட்டு வண்டிகளுக்கு என் பதில்: கம்பனி சொன்ன அதே அளவில், தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான, நடுத்தரத் தவாளிப்புள்ள ஓல் டெரெய்ன் டயர். மிச்சக் காசில் ஒரு நல்ல காற்று அளவியும், பற்றரியில் பூட்டும் சிறிய பம்ப் ஒன்றும். காபெட்டில் கதவோரம் எழுதியிருக்கும் அழுத்தம், கிறவலில் கொஞ்சம் குறைத்து 28 அளவில், சேற்றில் 22 முதல் 25 வரை, மணலில் 18. பதினைந்துக்குக் கீழே இறக்கித் திருப்பினால் டயர் றிம்மை விட்டுக் கழலலாம். இறக்கிய காற்றோடு நாற்பது கிலோமீற்றர் வேகத்தைத் தாண்ட வேண்டாம். திரும்பத் தாரில் ஏறுமுன் காற்றை நிரப்பாமல் விடவே கூடாது, அதற்கு ஒரு கணக்கும் உண்டு. டயர் தண்ணீர் மேல் வழுக்கத் தொடங்கும் வேகத்தை 1960களில் நாசா ஆராய்ச்சியாளர்கள் விமானச் சில்லுகளை வைத்து அளந்தார்கள். அது காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு கூடிக் குறைகிறது என்று கண்டார்கள். அந்தச் சூத்திரப்படி 32 பிஎஸ்ஐயில் மணிக்கு 94 கிலோமீற்றர் அளவில் வழுக்கும் டயர், 18இல் 71இலேயே வழுக்கும். தவாளிப்பு ஆழமாய் இருந்தால் தப்பலாம். தேய்ந்த டயரில் தப்ப முடியாது. மட் டயருக்கு வைத்த காசில் பாதியைப் பம்பிலும் இந்தப் பழக்கத்திலும் போட்டால் வண்டி அதிக இடங்களுக்குப் போகும், அதைவிட முக்கியமாய், திரும்பி வரும்.

எந்த வகையை எடுத்தாலும் வயதைப் பாருங்கள். பக்கச் சுவரில் ஒரு சிறு நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. கட்டை முழுசாய் இருந்தாலும் வெயிலும் காலமும் ரப்பரை வறட்டிவிடும்; ஆறு வருடம் தாண்டியதைப் புதியதென்று வாங்க வேண்டாம், பத்து வருடம் தாண்டியதை ஓட்டவே வேண்டாம். பாவித்த டயரும் ரீபில்ட் டயரும் வாங்குகிறவர்கள் இதை இரட்டிப்பாய்க் கவனிக்க வேண்டும். அந்த நாலு இலக்கம் பல டயர்களில் ஒரு பக்கத்தில் மட்டுமே அச்சாகியிருக்கும். றிம்மில் ஏற்றும்போது அந்தப் பக்கம் உள்ளே போய்விட்டால் வண்டிக்கு அடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும். ஆகவே காசு கொடுக்குமுன், ஏற்றுமுன், டயரைக் கடை வாசலில் உருட்டிப் போட்டு இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.