பாட்டி போட்ட ஒரு கடிதம்... ரயில் போன தடத்தில் 60 மைல் நடைபாதை!

1957 ஜூலை 3. அமெரிக்காவின் சிகாகோ நகரம். காலையில் புறநகர்களிலிருந்து வழக்கம்போல ரயில் ஏறி வேலைக்கு வந்தவர்கள், மாலையில் வீடு திரும்ப ஸ்டேஷனுக்கு வந்தார்கள். ரயில் இல்லை. லேட்டும் இல்லை. சர்வீஸே முடிந்துபோயிருந்தது!

'சிகாகோ அரோரா அண்ட் எல்ஜின்' என்ற மின்சார ரயில் கம்பெனி அது. 1902-ல் ஓடத் தொடங்கி ஊரையே வளர்த்துவிட்ட ரயில். 1953-ல் புதிய எக்ஸ்பிரஸ் சாலைக்காக நகருக்குள் போகும் பாதையை இழந்தது. ஃபாரஸ்ட் பார்க்கில் இறங்கி வேறு ரயில் மாற வேண்டும் என்றானதும் கூட்டம் குறைந்தது, நஷ்டம் கூடியது. சேவையை நிறுத்திக்கொள்ள நீதிமன்றம் வழிவிட்டதும், அன்று பகல் 12.13 மணிக்கே பயணிகள் ரயில்களை நிறுத்திவிட்டார்கள். 'காலையில் ஏற்றி வந்தவர்களை வீட்டில் கொண்டுபோய் விடணுமே' என்ற யோசனைகூட இல்லை. ஆயிரக்கணக்கானவர்கள் நடுவழியில் திகைத்து நின்றார்கள்.

1959-ல் சரக்கு ரயிலும் நின்றது. அடுத்து தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். மிஞ்சியது ஒரு நீளமான நிலத்துண்டு. அகலம் கொஞ்சம்தான். ஆனால் ஊர் ஊராக, வீடுகளின் கொல்லைப்புறத்தை ஒட்டி, ஆற்றைத் தாண்டி, பல மைல் தூரம் அறுபடாமல் கிடந்தது. களை முளைத்தது. குப்பை சேர்ந்தது.

அந்தக் களையைப் பார்த்து ஒருவருக்கு மட்டும் கை பரபரத்தது.

70 வயதில் எழுதிய கடிதம்

மே தீல்கார்ட் வாட்ஸ். தாவரவியல் படித்தவர். சிகாகோவை அடுத்த மார்ட்டன் தாவரவியல் பூங்காவில் இயற்கை ஆசிரியராக ஏறக்குறைய 20 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஒரு நிலத்தில் நிற்கும் மரத்தையும் புல்லையும் வைத்தே அந்த நிலத்தின் கதையைச் சொல்லிவிடுவார். அதற்கென்றே புத்தகம் எழுதியவர். இங்கிலாந்தில் வயல்களுக்கு நடுவே யார் வேண்டுமானாலும் நடக்கலாம் என்றிருக்கும் பொது நடைபாதைகள் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயின. 'நம் ஊரில் ஏன் இப்படி இல்லை?' என்ற கேள்வி மனதில் இருந்துகொண்டே இருந்தது.

1963 செப்டம்பர் 30-ம் தேதி 'சிகாகோ டிரிப்யூன்' நாளிதழின் வாசகர் கடிதம் பகுதியில் அவர் எழுதியது வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 70. ரயில் போன அந்த நிலத்தை நடைபாதையாக்க வேண்டும் என்பதுதான் விஷயம். சில வருடங்கள் கழித்து ஓர் இலையுதிர்கால நாளில் அந்தப் பாதையில் நீங்கள் நடந்து போவதாக நினைத்துப் பாருங்கள் என்று வாசகர்களைக் கைப்பிடித்து அழைத்துப் போயிருந்தார். கூடவே ஓர் எச்சரிக்கை. இந்த நிலத்தின் மேல் பலருக்கும் கண் இருக்கிறது, புல்டோசர்கள் காத்திருக்கின்றன, பேசுவதென்றால் இப்போதே பேசிவிட வேண்டும்.

அவர் பதறியதில் அர்த்தம் இருக்கிறது. நீளமான நிலத்துக்கு ஒரு சிக்கல் உண்டு. நடுவில் நூறு அடியை ஒருவர் வாங்கிக் கட்டடம் எழுப்பினால் போதும், முழுப் பாதையும் இரண்டாக வெட்டுப்பட்டுவிடும். அப்புறம் எவ்வளவு பணம் கொடுத்தாலும் பழையபடி ஒட்டவைப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

சாதித்தது கடிதம் மட்டுமா?

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் கடிதத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். கடிதம் போட்டவுடன் பாதை வந்துவிட்டது போல! உண்மையில் வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

வாட்ஸும் அவருடைய தோழிகளும் அக்கம்பக்கத்து நண்பர்களும் சேர்ந்து குழு அமைத்தார்கள். ஊர் ஊராகப் போய் மன்றங்களிலும் சங்கங்களிலும் பேசினார்கள். 1965-ல் 'இல்லினாய் பிரெய்ரி பாத்' என்ற லாப நோக்கமில்லாத அமைப்பு பதிவானது. அடுத்த ஆண்டு டூபேஜ் கவுண்டி நிர்வாகம் தன் வசம் இருந்த ரயில் நிலத்தை அவர்களுக்குக் குத்தகைக்கு விட்டது.

குத்தகைப் பத்திரம் கையில். கையில் இல்லாதது பணம். எனவே உடம்பு உழைப்புதான்.

ரயில் போன இடம்தானே, அப்படியே நடந்துவிடலாம் என்று தோன்றும். முடியாது. தண்டவாளத்தையும் ஸ்லீப்பர் கட்டைகளையும் எடுத்த பிறகு எஞ்சுவது கூரான பெரிய ஜல்லி. அதில் பத்து நிமிடம் நடந்தாலே கணுக்கால் பிசகும், சைக்கிள் பேச்சே இல்லை. அதன் மேல் பொடித்த சுண்ணாம்புக்கல்லைப் பரப்பி, உருளை ஓட்டி இறுக்க வேண்டும். மழைநீர் வடிய ரயில்வே போட்ட குழாய்ப் பாலங்களில் இலை அடைத்துக்கொண்டால், ஒரே மழையில் பாதை அரித்துப் போகும். ஆகவே அதையும் தோண்டித் தூர்வார வேண்டும். பாலம் சரியில்லாத இடத்தில் பலகை வேண்டும். வண்டிகள் உள்ளே நுழையாமல் கட்டை நட வேண்டும்.

தன்னார்வலர்கள் இதையெல்லாம் தங்கள் விடுமுறை நாள்களில் செய்தார்கள். வீட்டன் நகரில் பழைய ரயில் தடத்தின் பாலம் ஒன்றுக்கு 'வாலண்டியர் பிரிட்ஜ்' என்றே பெயர்.

1971-ல் இந்தப் பாதைக்கு 'தேசிய பொழுதுபோக்குப் பாதை' என்ற அரசு அங்கீகாரம் கிடைத்தது. வாட்ஸ் அதைப் பார்த்துவிட்டார். 1975-ல் காலமானார். இன்று குக், டூபேஜ், கேன் என்ற மூன்று கவுண்டிகளில் சுமார் 60 மைல் நீள்கிறது பாதை. ரயில் தடத்தை நடைபாதையாக்கிய முன்னோடிகளில் ஒன்று இது. அமெரிக்கா முழுக்க இப்போது இப்படி 20,000 மைலுக்கும் மேல் பாதைகள் இருக்கின்றன.

பூண்டு வாசனை அடிக்கும் எதிரி

பாதை போட்டாச்சு, அவ்வளவுதானே? இல்லை. எல்மர்ஸ்ட் ஊரில் இந்தப் பாதையை ஒட்டி 'கிரேட் வெஸ்டர்ன் பிரெய்ரி' என்ற சிறிய புல்வெளி இருக்கிறது. அங்கே போனால் புரியும்.

இல்லினாய்க்கே 'பிரெய்ரி மாநிலம்' என்றுதான் பட்டப்பெயர். ஆளுயரப் புல் கடல்போலக் கிடந்த இடம். 1837-ல் ஜான் டீர் என்ற கொல்லர் அந்த மாநிலத்தில் செய்த எஃகுக் கலப்பை அந்த மண்ணைக் கீறத் தொடங்கிய பிறகு, புல்வெளி சோளக்காடானது. பழைய பிரெய்ரியில் நூற்றில் ஒரு பங்குகூட இன்று மிச்சமில்லை. மிஞ்சியவற்றில் பல, ரயில் பாதை ஓரங்களில்தான் இருக்கின்றன! ரயில்வே வேலி போட்ட இடத்தில் விவசாயி உழ முடியாது. நீராவி என்ஜினின் தீப்பொறி அவ்வப்போது புல்லைக் கொளுத்தும். பிரெய்ரிச் செடிகளின் வேர் மிக ஆழத்தில் இருப்பதால் தீக்குப் பிறகும் துளிர்க்கும், அந்நிய மரக்கன்றுகள் கருகும். இயற்கையைக் காப்பாற்றும் எண்ணமே இல்லாத ரயில் கம்பெனிகள், தெரியாமல் செய்த நல்ல காரியம்.

இப்போது ரயில் இல்லை, தீப்பொறியும் இல்லை. அதனால் அந்த வேலையை மனிதர்கள் செய்கிறார்கள். பயிற்சி பெற்றவர்கள் காற்றின் திசை பார்த்துத் திட்டமிட்டுத் தீ வைக்கிறார்கள். மற்றதெல்லாம் கை வேலை. ஐரோப்பாவிலிருந்து வந்த பக்தார்ன் என்ற புதர்மரம் மற்ற செடிகளுக்கு முன்பே இலைவிட்டு, அவை உதிர்த்த பிறகும் பச்சையாக நின்று, வெயிலை மறித்துவிடும். வெட்டினால் பக்கத்திலேயே நாலாகக் கிளைக்கும். வெட்டிய கையோடு அடிக்கட்டையில் களைக்கொல்லி தடவ வேண்டும். இன்னொன்று கார்லிக் மஸ்டர்ட். இலையைக் கசக்கினால் பூண்டு வாசனை. இரண்டாவது வருட வசந்தத்தில் பூத்து, விதை போட்டுவிட்டுச் சாகும். விதைப்பதற்குள் வேரோடு பிடுங்கிப் பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். ஒரு வருடம் விட்டால் போச்சு, அந்த விதை மண்ணுக்குள் பல வருடங்கள் காத்திருக்கும்.

பாதையின் பராமரிப்பில் பெரிய பொறுப்பு பின்னாளில் அரசு நிர்வாகங்களிடம் போனது. சுண்ணாம்புக்கல் பரப்ப லாரி வரும், பாலத்தைச் சரிபார்க்க என்ஜினீயர் வருவார். ஆனால் எந்தச் செடி களை, எது காக்க வேண்டிய செடி என்று குனிந்து பார்த்துப் பிடுங்க டெண்டர் விடுவது கஷ்டம். வாட்ஸ் தொடங்கிய அமைப்பு இன்றும் இருப்பது அதனால்தான். ஓய்வுபெற்றவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் கையுறை மாட்டிக்கொண்டு வருகிறார்கள். வருபவர்களுக்கு வயதாகிறது, களைக்கு ஆவதில்லை என்பதுதான் இப்படிப்பட்ட எல்லா அமைப்புகளுக்கும் உள்ள கவலை.

பாதையின் கிழக்கு முனை மேவுட் என்ற ஊரில் இருக்கிறது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் 1957-ல் பயணிகள் இறங்கி ரயில் மாறிய அதே ஃபாரஸ்ட் பார்க். சிகாகோவிலிருந்து நகர ரயிலில் சைக்கிளோடு அங்கே வந்து இறங்குபவர்கள், சிறிது நேரத்தில் பாதையைப் பிடித்துவிடலாம். அங்கிருந்து வீட்டன், எல்ஜின், அரோரா... அன்று வீட்டுக்குப் போக ரயில் கிடைக்காமல் நின்றவர்களின் அதே ஊர்கள்.