மலையில் தாகம், மஹல்லாவில் மௌனம்



மழை பொய்க்கும் ஆண்டுகளில் திடலில் கூடி மழைத் தொழுகை தொழுகிறோம். கண்ணீர் மல்க துஆ கேட்கிறோம். அதே மழைக்காகக் காத்திருக்கும் வாயில்லா ஜீவன்களை அந்தத் துஆவில் ஒரு கணமேனும் நினைத்ததுண்டா?

சேலத்து மாடிகளில் நின்றால் தெரியும் சேர்வராயன் மலையைப் பாருங்கள். 2024 ஏப்ரலில் சேலத்தில் வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டியது. அதே ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலின்போது, ஏற்காட்டில் ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல் மழை கொட்டி மலைப்பாதையில் மண் சரிந்தது. பூமி சூடேறச் சூடேற மண்ணின் ஈரத்தைக் காற்று வேகமாய் உறிஞ்சுகிறது. பின்னர் அதை மொத்தமாய்க் கொட்டுகிறது. நமக்கு மின்விசிறியும் லாரித் தண்ணீரும் உண்டு. காட்டெருமைக்கு என்ன உண்டு? சுனை வற்றினால் அது காப்பித் தோட்டத்துக்கு இறங்குகிறது. "ஊருக்குள் புகுந்துவிட்டது" என்று கூச்சலிடுகிறோம். யாருடைய இடத்தில் யார் புகுந்தது?

"இவை கியாமத் நாளின் அடையாளங்கள், நம்மால் என்ன ஆகும்?" என்போர் நம்மில் உண்டு. இது தவக்குல் அன்று, பொறுப்பைத் தட்டிக்கழித்தல். கியாமத் நாளே வந்துவிட்டாலும், கையிலிருக்கும் மரக்கன்றை முடிந்தால் நட்டுவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததாக முஸ்னத் அஹ்மதில் பதிவாகியுள்ளது.

"காற்றைச் சூடாக்கியவை பணக்கார நாடுகள்" என்பர். பெரும்பங்கு அவர்களுடையதே. ஆயினும், அந்த மலையில் பிறந்து சேலம் நகரைக் கடந்து, நாமக்கல் மாவட்டம் வழியே காவிரியைச் சேரும் திருமணிமுத்தாற்றில் சாக்கடையைக் கலந்தது எந்த வெளிநாடு? நம் வலீமா விருந்தின் பிளாஸ்டிக் குப்பை எந்த ஏரிக்கரையில் கிடக்கிறது? வெயிலில் சுருங்கிய நீரையும் நஞ்சாக்கினால் கொக்கும் நாரையும் எங்கே செல்லும்?

ஜகாத்தைத் தடுத்துக்கொண்ட சமூகத்துக்கு மழையும் தடுக்கப்படும். விலங்குகள் இல்லையேல் அவர்களுக்கு மழையே கிடைத்திராது என்ற கருத்தில் இப்னு மாஜாவில் ஒரு நபிமொழி உண்டு. நாம் விரட்டும் அந்த ஜீவன்களின் பொருட்டே நம் வயல் நனைகிறது என்றால், விரட்டும் கைக்கு என்ன பெயர்?

வழியில்லை என்று சொல்லாதீர்கள். சேலம் மூக்கனேரியைப் பொதுமக்கள் தூர்வாரி, நடுவே மண்திட்டுகள் அமைத்து, மரம் நட்டார்கள்; பறவைகள் வந்து கூடின. நம் பள்ளிவாசல்களில் நாள்தோறும் ஐவேளை உளூச் செய்த நீர் சாக்கடைக்கே போகிறது. ஒரு 'முத்து' அளவு நீரில், அதாவது இரு கையளவு நீரில், உளூச் செய்தவர்கள் நம் நபி. நிர்வாகிகளே, அந்த நீரை மரங்களுக்குத் திருப்புங்கள். விருந்துகளில் பிளாஸ்டிக்கை நிறுத்துங்கள். மலையேறும் இளைஞர்களே, சருகில் பீடித் துண்டை எறியாதீர்கள்; ஒரு பொறி ஒரு காட்டையே எரிக்கும்.

பூமி நமக்குச் சொத்தன்று, அமானிதம். அமானித மோசடி முனாஃபிக்கின் அடையாளம் என்பதை நாம் மத்ரஸாவில் ஓதியிருக்கிறோம். அந்தப் பட்டியலில் நம் பெயர் சேராமல் வல்ல அல்லாஹ் காப்பானாக! ஆமீன்.