ஆட்டோ ஓட்டும் தொழிலாளி வியாபாரியா?

எப்.சி. காட்டும் நாள் நெருங்கினால் ஆட்டோத் தொழிலாளியின் வீட்டில் கடன் வாங்கும் படலம் தொடங்கிவிடும். நசுங்கிய மட்கார்டை நிமிர்த்த வேண்டும். துருவேறிய தகட்டை வெட்டி மாற்ற வேண்டும். புதிதாகப் பெயிண்ட் அடிக்க வேண்டும். வட்டிக்கு வாங்கிய பணம் அப்படியே பட்டறைக்குப் போகிறது.

இவ்விதம் 18,000 ரூபாய் கொடுத்து வேலை செய்துகொண்ட தோழர் ஒருவர் நமது சங்க அலுவலகத்துக்கு வந்தார். ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி உரிந்துவிட்டது. விரலால் அழுத்தினால் பட்டி பெயர்ந்து விழுகிறது. உள்ளே பழைய துருத்தகடு பத்திரமாக இருக்கிறது! புதுத் தகட்டுக்கென்று பணம் வாங்கியிருக்கிறார்கள். நியாயம் கேட்கப் போனவருக்குப் பட்டறை முதலாளி சொன்ன பதில் இது: "நீ வாடகைக்கு வண்டி ஓட்டுற ஆளு. அது வியாபாரம். கன்ஸ்யூமர் கோர்ட்ல உன் கேஸ் நிக்காது, போ!"

இந்தப் பதிலைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. இதன் பின்னால் ஒரு சட்டத்தின் கதையே இருக்கிறது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986இல் வந்தது. வியாபார நோக்கத்துக்காகப் பொருள் வாங்குபவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று அது கூறியது. இதனால் சுயமாகத் தொழில் செய்து பிழைக்கும் ஏழைகளும் வெளியே தள்ளப்பட்டனர். எனவே 1993இல் ஒரு விளக்கம் சேர்க்கப்பட்டது: சுயதொழில் மூலம் ஜீவனம் நடத்துவதற்கென்றே வாங்கித் தானே பயன்படுத்தும் பொருள் வியாபார நோக்கத்தில் சேராது. 1995இல், கோவை பி.எஸ்.ஜி. தொழில் நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கில், உச்ச நீதிமன்றம் இதற்கு ஆட்டோவையே உதாரணமாகக் காட்டியது. பிழைப்புக்காக ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுபவர் நுகர்வோர்தான் என்று தெளிவாகச் சொன்னது. 2002ஆம் ஆண்டுத் திருத்தம் இந்தப் பாதுகாப்பைப் பொருளோடு நிறுத்தாமல், ஜீவனத்துக்காகப் பெறும் சேவைக்கும் விரிவாக்கியது. பட்டறை வேலை சேவைதான். ஆகவே ஆட்டோத் தொழிலாளிக்குச் சந்தேகத்துக்கு இடமில்லாத உரிமை இருந்தது.

பிறகு என்ன நடந்தது? பழைய சட்டத்தை நீக்கிவிட்டு, மத்திய சர்க்கார் 2019இல் புதிய சட்டம் கொண்டுவந்தது. 2020 ஜூலையில் அது அமலுக்கு வந்தது. வியாபார நோக்கத்துக்காகச் சேவை பெறுபவர் நுகர்வோர் அல்ல என்ற தடை அப்படியே தொடர்கிறது. ஆனால் விளக்கத்தில் "பொருள்" மட்டும் நிற்கிறது. "சேவை" என்ற சொல் காணாமற்போய்விட்டது! சொந்த உல்லாசத்துக்குக் கார் வைத்திருப்பவரின் பெயிண்ட் உரிந்தால் அவர் நுகர்வோர். வயிற்றுப்பாட்டுக்கு ஆட்டோ ஓட்டுபவரின் பெயிண்ட் உரிந்தால், தான் வியாபாரியல்ல என்று அவர் வாதாட வேண்டும். இது என்ன நியாயம்?

இதைக் கண்டு தோழர்கள் சோர்ந்துவிட வேண்டாம். 1993இல் சேர்த்த விளக்கம் தெளிவுபடுத்துவதற்காகவே வந்தது என்று 1995 தீர்ப்பே கூறுகிறது. அந்த அடிப்படையில் சேவைக்கும் வாதாட இடமுண்டு. தகடு, பட்டி, பெயிண்ட் ஆகியவை பொருள்களே என்பதும் நமது வாதம். கேஸ் நிற்காது என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் பட்டறை முதலாளிக்கு இல்லை.

செய்ய வேண்டியவை இவை. வண்டியை விடும்போதே என்ன வேலை, என்ன சாமான், எவ்வளவு கூலி என்று எழுதி வாங்க வேண்டும். பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம் என்கிறது சட்டம். வேலை கெட்டுப்போனால் உடனே போட்டோ எடுத்து, வேறொரு டிங்கரிடம் குறைகளை எழுத்தில் வாங்கிப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். பாக்கிக்காக வண்டியைப் பிடித்து வைத்தால் என்ன செய்வது? செய்த வேலைக்குரிய கூலி வரும்வரை பொருளை வைத்துக்கொள்ள 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் இடம் தருகிறது. தினமும் வருமானத்தை இழப்பதைவிட, "ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்" என்று எழுதிக் கொடுத்துப் பணம் கட்டி, வண்டியை மீட்டபின் வழக்குப் போடுவது நல்லது.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருடத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதானால் கட்டணம் கிடையாது. குடியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம்; வக்கீல் கட்டாயமில்லை. பணத்தைத் திரும்பக் கேட்பதோடு, வண்டி ஓடாத நாட்களின் நஷ்டத்தையும் கேட்க வேண்டும். உத்தரவை மதிக்காதவருக்குச் சிறைத் தண்டனையும் உண்டு. ஆணையம் ஏற்க மறுத்தாலும் சிவில் நீதிமன்றத்தின் கதவு திறந்தே இருக்கிறது.

ஒன்றை மறக்கக் கூடாது. பட்டறையில் சுத்தியல் பிடிக்கும் டிங்கர் தோழர் நமது எதிரி அல்ல. துருவைச் சுரண்டி எடுக்க அவருக்கு நேரம் கொடுக்காமல், பட்டியைப் பூசி மறைக்கச் சொல்லி, மிச்சப்பட்டதைத் தன் பையில் போட்டுக்கொள்பவர் முதலாளியே. ஒரே லாபவெறிதான் அங்கே கூலியையும் இங்கே தகட்டையும் திருடுகிறது.

நோட்டீஸ் சேர்ந்த 3 மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் 5 மாதத்தில், மனுவை முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் ஆணையங்களில் நாற்காலிகள் காலியாகக் கிடந்ததைக் கண்டு 2021இல் உச்ச நீதிமன்றமே தானாக வழக்கை எடுக்க வேண்டியிருந்தது. ஆள் இல்லாத ஆணையம் யாருக்கு உதவும்?

எனவே நாம் கோருவது இரண்டு. நீக்கப்பட்ட "சேவை" என்ற சொல்லைப் பாராளுமன்றம் மீண்டும் சட்டத்தில் சேர்க்க வேண்டும். ஆணையங்களின் காலியிடங்களை உடனுக்குடன் நிரப்ப வேண்டும். ஆட்டோ சங்கங்கள் ஒவ்வொரு ஸ்டாண்டிலும் கூட்டம் போட்டு இதை விளக்கட்டும்; எம்.பி.க்களிடம் மகஜர் கொடுக்கட்டும். நம்மிடம் வந்த அந்தத் தோழரின் மனு தயாராகிவிட்டது. அவர் தனியாகப் போகப் போவதில்லை. சங்கமும் உடன் போகிறது.