வெளுப்புக் களிம்பும் வெறுமையாகும் பணப்பையும்



பினாங்கு, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நடக்கும்போதெல்லாம் ஓர் எண்ணம் என்னை உறுத்துவதுண்டு. முன்பு பிட் சாலை என வழங்கிய இச்சாலை, தென்னிந்திய மக்களின் தலைவர் காதர் மைதீன் 1801இல் நிறுவிய பள்ளிவாசலால் இப்பெயர் பெற்றது. 'கெலிங்' என்பது கலிங்கம் என்னும் நாட்டுப் பெயரின் வழிவந்தது என்பர். அன்று அது தலைவர்தம் பட்டத்தில் இடம்பெற்ற சொல். இன்றோ நம் பிள்ளைகளின் நிறத்தை இகழும் வசைச்சொல்.

அவ்வசையைக் கேட்டுக் கொதிக்கிறோம். கொதித்துவிட்டு, அருகிலுள்ள குட்டி இந்தியாவிற்குச் சென்று அதே பிள்ளைக்கு வெளுப்புக் களிம்பு வாங்குகிறோம்!

செலவின் தலைப்பு மாறியது

மலேசியக் குடும்பத்தின் சராசரி மாதச் செலவு 2019இல் 4,534 வெள்ளி. 2022இல் 5,150 வெள்ளி. ஐக்கிய நாடுகளின் செலவின வகைப்பாட்டில் 1999இல் 'பல்வகை' என்ற பிரிவினுள் ஒடுங்கியிருந்த உடற்பராமரிப்பு, 2018ஆம் ஆண்டுப் பதிப்பில் பிரிவின் தலைப்பிலேயே ஏறிவிட்டது. 2025இல் நம் நாட்டில் சேவை வரி விரிவாக்கப்பட்டபோதும், மக்களின் எதிர்ப்புக்குப்பின் அழகுச் சேவைகளுக்கு விலக்கு கிடைத்தது.

நான் சவர்க்காரத்திற்கோ பற்பசைக்கோ முடிதிருத்தத்திற்கோ எதிரியல்லன். பாட்டி காலத்துச் சீயக்காயும் பயற்றமாவும் செலவின்றி வரவில்லை; அவற்றை இடித்தும் அரைத்தும் பெண்களின் கைகளே காய்த்தன. அக்காலத்தை நான் போற்றிப் பாடவில்லை. ஆனால், தூய்மைக்குச் செய்யும் செலவு வேறு. வெட்கத்திற்குச் செய்யும் செலவு வேறு. அழுக்கு கழுவினால் போய்விடும். வெட்கமோ, அடுத்த மாதமும் புட்டி வாங்கச் சொல்லும்.

பணம் மட்டுமா போகிறது?

சில வெளுப்புக் களிம்புகளில் பாதரசம் கலக்கப்படுகிறது. அது தோலில் கருநிறமி உருவாவதைத் தடுக்கிறது; சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கிறது. தாய் பூசியது துவாலை வழியாகவும் ஆவி வழியாகவும் குழந்தையைச் சேரும். அழகுப் பொருள்களில் பாதரசத்தை அறவே ஒழிக்க மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023இல் முடிவெடுத்தன. அதற்கான காலவரம்பு 2025. நம் சுகாதார அமைச்சும் இத்தகைய பொருள்களின் அறிவிக்கையை அவ்வப்போது நீக்கி வருகிறது. பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் எச்சரித்துக் களைத்தது. நாம்தாம் கேட்கவில்லை.

குற்றவாளிக் கூண்டில் நாமும்

பெற்றோரை மட்டும் குறை கூறுவது நேர்மையன்று. முன்பு நான் பணியாற்றிய ஒரு பள்ளியின் பரிசளிப்பு விழா. நடனமாடவிருந்த ஏழு வயதுச் சிறுமிக்கு ஒப்பனை செய்தார்கள். அதற்கென அவள் தாய் முப்பது வெள்ளி கட்டியிருந்தார். முகம் வெளுத்தது, கைகள் அப்படியே இருந்தன. குழந்தை கைகளை நீட்டி, "டீச்சர், இங்கேயும் பூசி விடுங்கள்" என்றாள். நானும் பூசினேன். அன்று நான் கற்பித்த பாடம் எந்தப் பாடநூலிலும் இல்லை. ஆயினும் அவள் அதை மறந்திருக்க மாட்டாள்.

"உலகம் நிறம் பார்க்கிறதே, ஐயா! வேலைக்கும் திருமணத்திற்கும் என் மகள் என்ன செய்வாள்?" என்பீர்கள். 1975இல் இந்தியச் சந்தைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' களிம்பு, 2020இல் தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டது. விற்பவனே நாணிக் கைவிட்ட சொல்லை, நம் மாணவரின் கட்டுரைகளில் 'சிவந்த அழகிய முகம்' என்று நாம் இன்னும் சரி போட்டுக்கொண்டிருக்கிறோமே, இது தகுமா?

செய்ய வேண்டியவை

1. பள்ளி விழாக்களில் நிறத்தை வெளுக்கும் ஒப்பனையையும் அதற்கான கட்டணத்தையும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் நிறுத்துக.

2. சுகாதார அமைச்சின் அறிவிக்கை எண் இல்லாத களிம்பை வீட்டில் நுழைய விடாதீர்.

3. ஒரு மாதச் செலவைப் பிள்ளைகளோடு அமர்ந்து எழுதுக: தூய்மைக்கு எவ்வளவு, வெட்கத்திற்கு எவ்வளவு, நூல்களுக்கு எவ்வளவு?

அந்தக் கணக்கைப் பிள்ளையே கூட்டட்டும். பிறர் வீசும் வசையை நம்மால் உடனே நிறுத்த இயலாமற் போகலாம். அதற்கு மாதந்தோறும் பணம் கட்டுவதையாவது இன்றே நிறுத்துவோம்.