கண்ணாடி அலுமாரியில் ஒரு கொம்பு

எங்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் ஒரு வெள்ளைக் கொம்பு இருக்கிறது. பாசிக்குடாவில் நான் உடைத்தது.

எங்கள் ஊரான குருக்கள்மடத்தில் கிழக்கே கடல், மேற்கே வாவி. தண்ணீருக்குக் குறைவில்லை. ஆனால் எங்கள் கரை மணற்கரை. இடுப்பளவு நீரில் நின்று பவளப்பாறை பார்க்கப் பாசிக்குடாவுக்குத்தான் பஸ் ஏற வேண்டும். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் போனபோது காலுக்கடியில் சடக்கென்று ஏதோ முறிந்தது. எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். மூன்றாம் நாள் வீடே நாறியது. "எலி செத்துக் கிடக்கு மனே, தேடிப் பார்" என்றார் அம்மா. நாறியது எலியல்ல, என் பைக்குள் இருந்த கொம்பு. கல்லென்று நினைத்ததன்மேல் குடியிருந்த சின்னஞ்சிறு உயிர்கள் செத்திருந்தன. கொதிநீர் ஊற்றி வெயிலில் காயவைத்ததும் மங்கல் பழுப்பு போய்ப் பளீரென்று வெளுத்தது. அலுமாரியில் நாங்கள் அழகு பார்ப்பது எலும்பை.

பெரியவர்கள் பவளப்பாறையை முருகைக்கல் என்பார்கள். என் காதில் முருங்கைக்கல் என்றே விழுந்தது. அப்படியொன்றும் பெரிய பிழையில்லை. முருங்கையைக் கொம்பு வெட்டி நட்டால் துளிர்க்கும். கொம்புப் பவளமும் அந்தச் சாதிதான். முறிந்த துண்டில் உயிர் இருந்தால் அது தனிப் பவளமாகவே வளரும். முதல் நிபந்தனை, அசையக்கூடாது. அலையில் உருண்டால் மணலில் உரசியே செத்துப்போகும்.

அந்த அசைவைத்தான் நிறுத்துகிறார்கள் தூத்துக்குடியில். சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனத்தார் 2002 முதல் மன்னார் வளைகுடாவில் இந்த வேலை செய்கிறார்கள். உயிருள்ள துண்டைச் சிறிய சிமெந்துப் பலகையில் நைலோன் கயிற்றால் கட்டிக் கடலடியில் சட்டத்தில் பொருத்துகிறார்கள். பவளம் தன் சுண்ணாம்பைச் சுரந்து கயிற்றையே மூடிப் பலகையைப் பிடித்துக்கொள்கிறது. கொம்பு வகை நன்றாக வந்தால் வருடத்துக்குப் பத்து சென்ரிமீற்றர்வரை வளரும். உருண்டைப் பவளத்துக்கு ஓரிரு சென்ரிமீற்றரே அதிகம். அங்கே 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் நீருக்குள் போனதற்குச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளக்கல்லை அள்ளியது ஒரு முக்கிய காரணம். கல்குடாப் பக்கமும் அப்படி அள்ளிய காலம் உண்டு.

இப்படித் துண்டுகளைக் கட்டி வளர்ப்பதில் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. அதற்கும் ஒரு எல்லை உண்டு. 1998இல் கடல் சூடேறியபோது இலங்கையின் தென்மேற்குப் பாறைகள் வெளுத்துச் செத்தன. அந்தச் சூட்டுக்குக் கயிறும் சிமெந்தும் மருந்தில்லை. கால் பட்டு முறிவதற்கு உண்டு, ஆனால் அது மிகச் செலவான மருந்து. ஒரு சுழியோடி நாளெல்லாம் மூழ்கிக் கட்டுவதை ஒரு சுற்றுலாக் கூட்டம் அரை மணியில் மிதித்துவிடும். பாசிக்குடாவுக்கு வடக்கே காயன்கேணிக் கடல் 2019இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நல்லது. ஆனாலும் அறிவிப்புப் பலகை கரையில்தான் நிற்கும், கால் வைக்கிறவர்களோ தண்ணீருக்குள் நிற்கிறார்கள்.

விடுமுறைக்குப் பாசிக்குடா போகிறவர்களிடம் இவ்வளவுதான் கேட்கிறேன்: கல் தெரிகிற இடத்தில் நிற்காமல் மிதந்து பாருங்கள். படகுக்காரரிடம் நங்கூரத்தை மணலில் போடச் சொல்லுங்கள். பிள்ளை ஒரு கொம்பைக் கையிலெடுத்தால் உடனே தண்ணீரிலேயே விடச் சொல்லுங்கள்.