மங்கிய படமும் மையாடிய ஏடும்

ஆடி மாதத்து லிந்துலையைக் கண்டவர்க்கு அதன் நிறம் எதுவென எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மழையும் மலையும் பனிமூட்டமும் ஒன்றாய்க் கலந்து, காலை எட்டு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் வேற்றுமையின்றிச் சாம்பல் பூத்துக் கிடக்கும். அத்தகைய நாளொன்றில், என்னிடம் உயர்தர வகுப்பிலே தமிழ் படிக்கும் மாணவன் ஒருவன், இரவல் கமராவுடன் தன் தோட்டத்துக்கு மேலுள்ள பாறையில் ஏறி ஒரு நிழற்படம் எடுத்தான். பாடசாலைக் கண்காட்சியில் அதனை வைத்தல் வேண்டும் என்பது அவன் ஆசை. படத்திலோ மலை மலையாக இல்லை; கஞ்சியில் தோய்த்த துணியாக இருந்தது. "சேர், இதைக் கணினியில் திருத்தலாமா? திருத்தினால் பொய்யாகிவிடாதா?" என்று கேட்டான்.

இலக்கணம் படிப்பிப்பவனிடம் கேட்கத்தக்க வினாவா இது எனச் சிலர் நகைக்கலாம். யான் நகைத்திலேன். பதிப்பாசிரியர்கள் நாடோறும் தம்மைத் தாமே கேட்டுக்கொண்ட வினா அது.

ஏட்டுச்சுவடியை எண்ணிப் பாருங்கள். எழுத்தாணியாற் கீறிய எழுத்து, கீறிய அப்பொழுதே கண்ணுக்குப் புலப்படுவதன்று. ஓலையும் கீற்றும் ஏறத்தாழ ஒரே நிறம். இலைச்சாறும் கரியும் குழைத்து மேலே தடவித் துடைத்தால், கீற்றிலே மை தங்கும், எழுத்துத் துலங்கும். இதனை மையாடல் என்பர். மையாடியவன் எழுத்தைப் படைத்தவன் அல்லன். இருந்த எழுத்தை விளக்கியவன்.

மங்கிய படத்துக்குச் செய்ய வேண்டுவதும் இஃதே. கமராவின் ஒளியளவை, தான் காணும் காட்சி முழுவதையும் இடைத்தரமான சாம்பலாகவே மதிப்பது. வெண்பனியைக் காட்டினாலும் சாம்பலாக்கித் தரும். பிழை மலையிலும் இல்லை, பிள்ளையிலும் இல்லை. வழக்கமான எண்முறைப் படத்தில், கரியதற்கு 0, வெளியதற்கு 255 என ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள் உள. அவன் படத்தின் வலையுருவரையத்தைத் திறந்து பார்த்தோம். இரண்டு ஓரமும் வெறிதாய்க் கிடக்க, நடுவே ஒரு குவியல் நின்றது. கரிய முனையைக் குவியலின் இடப்பக்கத்துக்கும், வெளிய முனையை அதன் வலப்பக்கத்துக்கும் நகர்த்தினோம். நெருங்கிக் கிடந்த ஒளிவேறுபாடுகள் விரிந்தன. பின்மலை முன்மலையினின்று பிரிந்தது. மேகத்து ஒளியில் ஏறியிருந்த நீலச்சாயலைச் சிறிது குறைத்தோம். வானத்தை ஒரு சிறிது கருமையாக்கினோம். அவ்வளவே. பனியை முற்றும் துடைக்க முயன்றவனை யானே தடுத்தேன். ஆடி மாதத்துப் பனி படத்திலும் இருத்தல் வேண்டும். மங்கலெல்லாம் குற்றமும் அன்று. மென்மங்கலையே தம் கலைக்கு அழகாகக் கொண்ட யூலியா மார்கரெட் கமரன் அம்மையார் 1879 இல் டிக்கோயாவிலே காலமாகி, நமக்கு அயலாகிய பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

இத்திருத்தமெல்லாம் கணினி வந்தபின் நேர்ந்த கேடு என்பாரும் உளர். அவர்கள் வரலாறு அறியாதவர்கள். 1850களில் இருந்த ஒளித்தகடு நீல ஒளிக்கு அளவுகடந்து இசைவதாகையால், கடலைச் சரியாக எடுத்தால் வானம் வெளிறிப்போகும். பிரான்சிய கலைஞர் குஸ்தாவ் லெ கிரே கடலை ஒரு தகட்டிலும் வானை மற்றொரு தகட்டிலும் எடுத்து, ஒரே தாளில் பதித்தார். 1990 இல் வெளிவந்த ஃபோட்டோஷாப், இருட்டறையிற் பல இரவு கழித்துச் செய்ததைச் சில நிமிடங்களிற் செய்ய உதவிற்று. வேலை பழையது, விரைவே புதியது.

அந்த விரைவுதான் எங்களையும் இடறிற்று. மறுநாள் மாணவன் படத்தை வீட்டிலே 'இன்னும் திருத்தி'க் கொண்டு வந்தான். வானம் நீலமாய், எங்கோ பிறந்த வெண்முகில்களோடு விளங்கிற்று. தேயிலை கிளிப்பச்சையாகிவிட்டது, இளங்கொழுந்தின் மஞ்சள் கலந்த பசுமையும் முற்றிலையின் கரும்பசுமையும் ஒன்றாய்க் குழம்பிவிட்டன. இவற்றையும் பொறுத்திருப்பேன். மலையடியில் இருந்த லயனைக் காணவில்லை! அவ்விடத்திலும் தேயிலையே நின்றது. "அது அழகாயில்லை சேர், அழித்துவிட்டேன்" என்றான். அந்த லயனிலேதான் அவன் வீடும் இருக்கிறது.

கொழுந்து பறித்தே அவனைப் படிப்பிக்கும் தாய் அப்படத்தைப் பார்த்து, "இது எந்தத் தோட்டம்?" என்று கேட்டாராம். அதனினும் கூரிய திறனாய்வை யான் படித்ததில்லை.

'கவிஞனுக்கு உயர்வு நவிற்சி உண்டே. படம்பிடிப்பவனுக்கு மட்டும் ஏன் இல்லை?' எனலாம். தண்டியலங்காரம் தன்மையணியையும் கூறும். அதிசய அணியையும் கூறும். ஆயின் கவிஞன் மிகைப்படுத்துங்கால் கேட்போன் அதனை மிகையென்று அறிவான். நிழற்படமோ 'கண்டேன்' என்று சாட்சி சொல்வது. 1982 பெப்ரவரியில் 'நஷனல் ஜியோகிராபிக்' இதழ், அட்டையின் நெடுமைக்குப் பொருந்தும்படி கீசாவின் கூர்நுதிக் கோபுரங்களைக் கணினியால் நெருக்கி வைத்தது. கல் ஒன்றும் குறையவில்லை. எனினும் வாசகர் சினந்தனர். நம்மூர்க்கு வருவோம். மேல் கொத்மலை நீர்மின் திட்டம் 2012 இல் இயங்கத் தொடங்கியபின் சென் கிளேயர் அருவி பழைய வளத்தோடு பாய்வதில்லை. பழைய படத்து நீரை இன்றைய படத்தில் ஒட்டுபவன் அழகு சேர்க்கிறானா, ஒரு சாட்சியைக் கலைக்கிறானா?

சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் செல்லரித்த ஏடுகளோடு போராடியவர்கள். புறநானூறு 1894 இல் அச்சேறியது. அதில் 267, 268 ஆம் பாட்டுக்கள் இன்றளவும் இல்லை. ஐயர் நினைத்திருந்தால் இரண்டு பாட்டுப் புனைவது அரிதா? இல்லாததை இல்லையென்றே விட்டார். இடையிற் செருகுதல் ஒரு குற்றமாயின், இருக்கும் பாட்டை நன்றாயில்லை என்று கிழித்தெறிவது அதனினும் பெருங்குற்றம்.

இக்குற்றத்தை நம் மாணவன் தானாகக் கற்றுக்கொள்ளவில்லை என்பதே என் மனத்தை உறுத்துவது. நாட்காட்டியிலும் தேயிலைப் பெட்டியிலும் உல்லாசப் பயண விளம்பரத்திலும் அவன் கண்டு வளர்ந்த மலைநாடு எது? பச்சை மலை, கூடை, ஒரு புன்னகை. ஜேம்ஸ் டெயிலர் 1867 இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்ட நாள்முதல் கொழுந்து பறித்த கைகள் இரவில் எங்கே உறங்கின என்று அப்படங்கள் சொல்வதில்லை. அயலார் மறைத்ததையே அழகென்று நம்பி, நம் பிள்ளை தன் கையாலே தன் வீட்டை அழிக்கிறான். கணினியைக் குறை கூறிப் பயன் என்ன?

நல்லகாலம், கமரா தந்த மூலக்கோப்பு அழியாதிருந்தது. முதல் மாலையிற் செய்த அளவிலேயே மீண்டும் திருத்தி, கண்காட்சியில் வைத்தோம். அவன் தாயும் வந்திருந்தார். படத்தை அணுகி, பனியினூடே தெரிந்த தகரக் கூரைகளை இடப்பக்கத்திலிருந்து விரலால் எண்ணினார். ஐந்தாவதில் விரல் நின்றது. "தகரம் பறக்காமல் வைத்த கல்லுங்கூடத் தெரியுதே, ஐயா" என்றார்.