தூளில் ஒரு மரபுப் போராட்டம்

1960களின் தொடக்கத்தில் ஈழத்து எழுத்துலகை உலுக்கிய மரபுப் போராட்டத்தை இம்மலரின் வாசகர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. மீனவனும் கமக்காரனும் பேசும் தமிழ் கதைகளில் இடம்பெறலாகாது, அஃது இழிசனர் வழக்கு என ஒரு சாரார் வாதிட்டனர். மண்வாசனை இன்றி இலக்கியமே இல்லை என மறுசாரார் நின்றனர். வென்றவர் யாவர் என்பதை இன்றைய பாடத்திட்டங்களே கூறும். மூதூர்த் தமிழிலோ மட்டக்களப்புத் தமிழிலோ ஒரு சிறுகதை எழுதப்பட்டால், அதனைப் பிழைத்தமிழ் என்று தள்ளும் துணிவு இன்று எந்த விரிவுரையாளருக்கும் இராது. ஆயின், அதே மூதூர்ப் பகுதியில் ஆக்கப்பட்ட மீன்கறி ஒன்று விடுதி மேசைக்கு வருமாயின், “இவர்களுக்குத் தூள் வறுக்கத் தெரியாது” என்ற தீர்ப்பு நொடிப்பொழுதில் வழங்கப்பட்டுவிடுகின்றது. இலக்கியத்தில் தோற்ற பண்டிதம் அடுப்படியில் இன்னும் அரியாசனத்தில் இருக்கின்றது என்பதே என் குற்றச்சாட்டு.

அப்பண்டிதத்தின் சூத்திரம் எளியது. ஈழத்துத் தமிழர் சமையல் என்றால் யாழ்ப்பாணத்துச் சமையல். யாழ்ப்பாணத்துச் சமையல் என்றால் வறுத்த தூள். லண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள கடைகளின் பெயர்ப்பலகைகள் தொடக்கம் கொழும்பில் விற்கும் பொதிகள் வரை இச்சூத்திரமே ஓதப்படுகின்றது. ஏனைய மாவட்டங்களின் தூள்கள் ஒன்றில் இதன் திரிபுகள், அன்றேல் அறியாமைகள்.

யாழ்ப்பாணத்துத் தூளை நான் பழிக்க வரவில்லை. செத்தல் மிளகாயைக் காம்பு நீக்கி, தாச்சியில் கருகாது வறுத்தெடுத்து, கொத்தமல்லி, பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை என ஒவ்வொன்றையும் அதனதன் பதத்தில் தனித்தனியே வறுத்து, ஒன்றாக இடித்து அரித்தெடுக்கும் அத்தூள் ஒரு பெருங்கலை. வெந்தயம் ஒரு கணம் கூடுதலாகத் தாச்சியில் கிடந்தால் முழுத்தூளும் கசந்துபோகும். அத்தகைய கைப்பக்குவத்தை மெச்சாதவன் நாவற்றவன். ஆனால் ‘யாழ்ப்பாணத்துத் தூள்’ என ஒன்று உண்டா என்று கேட்டுப் பாருங்கள். ஒரு வீட்டில் மல்லி ஓங்கும். அடுத்த வீட்டில் பெருஞ்சீரகம் ஓங்கும். ஒரு தாய் மிளகைக் கூட்டுவாள், அவள் மருமகள் குறைப்பாள். வேலிக்கு வேலி வேறுபடும் ஒன்றைத் தேசியச் சின்னமாக்கிய பின்னர், வேலிக்கு அப்பாலுள்ள கிழக்கை மட்டும் வேறுபாட்டிற்காகக் குறை கூறுவது எந்த நியாயம்?

இனி எங்கள் பக்கத்துக்கு வருவோம். கொட்டியாரக் குடாவின் தெற்கே, வயலும் கடலும் ஒன்றையொன்று எட்டிப் பார்க்கும் தூரத்தில் உள்ளது தோப்பூர். முஸ்லிம்களும் தமிழரும் அயல் அயலாக வாழும் நிலம். அங்கே மிளகாய்க்குப் பெயரே வேறு, கொச்சிக்காய் என்போம். என் உம்மம்மாவின் முறையில் கொச்சிக்காய் ஓலைப்பாயில் வெயிலில் காயும். கையில் எடுத்துக் குலுக்கினால் விதை சலசலக்க வேண்டும். பின்னர் உரலில் தனியே இடிபடும். அதனுடன் எதுவும் கலக்கப்படுவதில்லை. மல்லியும் சீரகமும் பெருஞ்சீரகமும் அன்றன்றைய கறிக்கு அம்மியில் அரைபடும். மீனுக்கு ஒரு கூட்டு, இறைச்சிக்கு இன்னொரு கூட்டு. இறைச்சியெனில் ஏலமும் கறுவாவும் கராம்பும் சேரும், ரம்பை இலை ஒன்று விழும். இரண்டாம் பாலில் தூளும் அரைத்த கூட்டும் கொதித்துப் பச்சை வாடை நீங்கிய பின்னர், இறக்கும் தறுவாயில் முதற்பால் சேர்க்கப்படும். வறுத்த தூளின் கருஞ்செம்மை அதில் இராது. உறைப்பு முதலில் நாவில் படாமல், விழுங்கிய பின்னர் தொண்டையில் மெல்ல ஏறும்.

இதனை ‘வறுக்கத் தெரியாமை’ என்பவர்கள், வறுத்தல் எதற்காக என்று சிந்தித்தவர்களாகத் தெரியவில்லை. வறுக்கும்போது ஈரம் போகின்றது. ஈரம் போன தூளில் பூஞ்சணம் எளிதில் பற்றாது. மாதக்கணக்கில் போத்தலில் இருக்கும். கொழும்புக்கும் கடல் கடந்தும் பொதியாகச் செல்லும். எல்லாச் சரக்கையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் அவசரத்துக்கு ஒரு கரண்டி போதும். ஆண்மக்கள் உத்தியோகம் தேடித் தூர ஊர்களுக்குப் பெயர்ந்து வாழ்ந்த ஒரு சமூகத்துக்கு இது மிகப் பொருந்திய தீர்வு. அன்றாடம் அம்மியில் அரைத்து, தேங்காய்ப்பாலைத் தாராளமாகப் பெய்து சமைத்த ஊர்களுக்கு அத்தேவை எழவில்லை. மேலும், மிளகாயின் உறைப்புக்குக் காரணமான கப்சைசின் நீரில் கரையாது, கொழுப்பிலே கரையும். வறுக்காத தூளின் கூரிய உறைப்பைத் தேங்காய்ப்பாலின் கொழுப்பு தன்னுள் வாங்கிக்கொள்கின்றது. நெருப்பு ஓரிடத்தில் செய்யும் வேலையைப் பால் இன்னோரிடத்தில் செய்கின்றது. சிங்களவரின் துனபஹ இன்னொரு தீர்வு: அதில் வறுத்த வகையும் உண்டு, வறுக்காத வகையும் உண்டு, இரண்டிலும் மிளகாய் பெரும்பாலும் சேர்வதில்லை, அது தனியே இடப்படும். நம் பண்டிதர்களின் அளவுகோலால் அளந்தால், இத்தீவின் பெரும்பான்மை அடுப்புகள் யாவும் அறியாமையில் எரிகின்றன என்றல்லவா கொள்ள வேண்டும்!

மரபு, மரபு என்கின்றனர். மரபைத்தான் சற்றுத் தோண்டிப் பார்ப்போமே. சங்க நூல்களில் ‘கறி’ என்ற சொல் மிளகைக் குறித்தது. மிளகாய் அக்காலத்துத் தமிழன் கண்டறியாத பொருள். அமெரிக்கக் கண்டத்தில் விளைந்து, 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் வழியே இக்கரைகளை அடைந்தது. வந்த விருந்தாளிக்கு மிளகின் பெயரையே ஒட்டி மிளகாய் என்று பெயரிட்டோம். சிங்களத்தில் நடந்தது இன்னும் வேடிக்கையானது. மிளகுக்கு உரிய ‘மிரிஸ்’ என்ற பெயரை வந்தேறி பறித்துக்கொள்ள, பழைய மிளகு ‘கம்மிரிஸ்’, அதாவது ஊர் மிரிஸ், என்று அடைமொழி சுமந்து ஒதுங்கியது. எங்கள் கொச்சிக்காயோ அது வந்த வழியை மறைக்கவில்லை. கொச்சித் துறையின் பெயரைத் தன் மேலேயே எழுதி வைத்திருக்கின்றது. ஐந்நூறு ஆண்டுகூட நிரம்பாத ஒரு காயை வைத்துக்கொண்டு ஆதிமரபு பேசுவோர் முன்னிலையில், ‘கொச்சிக்காய்’ என்று சொல்லும் தோப்பூர்க் கிழவி வரலாற்றறிவில் மேம்பட்டவள் என்பேன்.

மண்ணின் விளைவு என்ற வாதமும் நிலைக்காது. 1970இல் பதவியேற்ற ஐக்கிய முன்னணி அரசு மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது குடாநாட்டுத் தோட்டங்கள் செழித்தன. முத்தையன்கட்டு, விசுவமடு ஆகிய இடங்களில் இளைஞர்கள் மிளகாய் பயிரிட்டுத் தலைநிமிர்ந்தனர். 1977இன் பின்னர் வந்த திறந்த பொருளாதாரம் அவ்வாழ்வைச் சரித்தது. இன்று இலங்கைக்கு வேண்டிய செத்தல் மிளகாயின் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வருகின்றது. ‘யாழ்ப்பாணத்துத் தூள்’ என்று அச்சிட்ட பொதிக்குள் ஆந்திரத்து மிளகாய் இருந்தால் அதில் வியப்படைய ஒன்றுமில்லை. அதற்காக நான் அதைப் பொய்த்தூள் என்று கூறேன். சரக்கு எங்கிருந்து வந்தாலும், வறுத்த கையே அதற்கு ஊரைத் தருகின்றது. அதே சலுகையைக் கிழக்கின் கைகளுக்கும் தருக என்பதே கேள்வி.

இத்தகைய சண்டை நமக்கு மட்டும் உரியதன்று. ஐக்கிய அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் மிளகாயும் மாட்டிறைச்சியும் சேர்ந்த ‘சில்லி’ என்னும் கறியை 1977இல் தன் மாநில உணவாகவே பிரகடனம் செய்தது. அவரை விதை இட்டால் அது சில்லியே அன்று என்பது அங்குள்ள தூய்மைவாதிகளின் வேதம். ஆனால் சின்சினாட்டி நகரில், மக்கெடோனியாவிலிருந்து குடிபெயர்ந்த கிராஜெவ் சகோதரர்கள் 1922இல் தொடங்கிய கடையின் வழிவந்த சில்லியில் கறுவா சேரும். அதை ஸ்பகெட்டியின் மீது ஊற்றி உண்பர். டெக்சாஸ்காரர் காதைப் பொத்திக்கொள்வர். சின்சினாட்டி மக்கள் கவலையின்றி உண்டுகொண்டிருக்கின்றனர். 1967இல் டெர்லிங்குவா என்னும் கைவிடப்பட்ட சுரங்க ஊரில், சில்லியில் வல்லவர் யார் என்று காண டெக்சாஸ்காரர் ஒருவருக்கும் நியூயோர்க் எழுத்தாளர் ஒருவருக்கும் சமையற்போட்டி வைத்தனர். நடுவர் இருவர் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தனர். மூன்றாமவர் வாயில் இட்டதைத் துப்பிவிட்டு, தம் நாக்கே கெட்டுவிட்டது, அடுத்த ஆண்டு பார்ப்போம் என்றார். எத்துணை நேர்மையான நடுவர்! நம்மிடையே அத்தகைய நடுவர் ஒருவரையேனும் காணோம்.

ஆயினும் டெக்சாஸ் சண்டை விளையாட்டுச் சண்டை. நம்முடையது அவ்வாறன்று. இங்கு ‘தமிழர் சமையல்’ என்று கோடு கீறப்படும்போது, கோட்டுக்கு வெளியே முழுச்சமூகங்கள் நிறுத்தப்படுகின்றன. மலையகத் தோட்டத்து லயங்களில், மல்லித்தூளைத் தனியே வைத்துச் சமைக்கும் தாய்மார் இக்கோட்டுக்குள் இல்லை. கிழக்கின் முஸ்லிம் அடுப்படி அறவே இல்லை. முஸ்லிம்கள் தம்மைத் தனி இனமாகக் கொள்வது வேறு விடயம். அது அவர்தம் உரிமை. ஆனால் அவ்வடுப்படியில் புழங்கும் சொற்கள் எவை? நாங்கள் குழம்பை ஆணம் என்கின்றோம். பாலாணம், புளியாணம் என அது கிளைவிடும். காயல்பட்டினத்து முஸ்லிம்களும் இச்சொல்லையே ஆள்கின்றனர். தமிழ் அகராதியில் இடம்பெற்ற சொல் இது. இன்று அடுப்பின் அருகே உயிருடன் இருப்பது எங்களைப் போன்றோரிடம்தான். ஆணத்தை ஒதுக்கும் சமையல் நூல் ஒரு கறியை மட்டுமன்றித் தமிழ்ச் சொல் ஒன்றையும் சேர்த்தே ஒதுக்குகின்றது. தமிழ்ச் சங்கமொன்றின் மலரில் இதனைக் கூறாமல் வேறெங்கே கூறுவது?

இப்பண்டிதத்துக்குப் புதிய துணையாக வந்திருப்பது பொதித்தூள். பொதியை வாங்குபவரை நான் சாடேன். 2006 ஆகஸ்டில் போர் மூண்டு மூதூர்ப் பகுதி மக்கள் கந்தளாய்க்கு இடம்பெயர்ந்தபோது அம்மியைச் சுமந்து ஓடியவர் எவருமிலர். திரும்பிய வீடுகளில் பொதி புகுந்தது, புகுந்தது தங்கிவிட்டது. அன்றியும், உரலும் அம்மியும் பெண்களின் தோளை முறித்த கருவிகள். வறுத்த தூளின் மாண்பு பற்றி விடுதியில் மணிக்கணக்கில் சொற்போர் நிகழ்த்தும் ஆடவருள் உலக்கை பிடித்துத் தழும்பேறிய கை எத்தனை என எண்ணிப் பார்த்தேன். விடையை எழுதாமல் விடுவது நாகரிகம். என் முறைப்பாடு பொதியின் மேல் அச்சிடப்படும் ஒற்றைச் சுவையின் மீதும் ஒற்றை நிறத்தின் மீதுமே. செக்கச்சிவந்தால் நல்ல தூள் என நம்பும் சந்தை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை உலகம் அறியும்: சூடான் சாயம் கலந்த மிளகாய்த்தூளினால் 2005இல் பிரித்தானியாவில் நூற்றுக்கணக்கான உணவுப்பொருள்கள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. நிறத்துக்கும் உறைப்புக்கும் தொடர்பில்லை. கர்நாடகத்துப் பியாட்கி மிளகாய் கடுஞ்சிவப்பு. உறைப்போ மிகக் குறைவு. வீட்டில் தூள் இடிப்பவளுக்கு இது தெரியும். அவள் நிறத்துக்கு ஒரு காயும் உறைப்புக்கு ஒரு காயும் சேர்ப்பாள்.

வீ. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ 1964இல் வெளிவந்து கிழக்கின் கூத்தையும் நாட்டார் பாடலையும் கற்றோர் அவைக்குக் கொண்டுவந்தது. அடுப்படிக்கு அத்தகைய கவனம் தேவை. அதற்குப் பல்கலைக்கழக மாணவரைவிடத் தகுந்தவர் இலர். நாம் ஒவ்வொரு விடுமுறையிலும் வீடு செல்கின்றோம். திரும்பி வரும்போது தூள் போத்தலைக் கொணர்கின்றோம். அதைச் செய்தவளின் முறையை ஒருவரும் எழுதிக் கொணர்வதில்லை. அடுத்த விடுமுறையில் இச்சங்கத்தின் உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுத் தூளின் சரக்கு, பதம், சொல் மூன்றையும் குறித்து வரட்டும். யாழ்ப்பாணமும் திருகோணமலையும் மன்னாரும் ஹற்றனும் ஒரே பட்டியலில், அகரவரிசையில் நிற்கட்டும். கடினமான பகுதி அளவுதான். என் உம்மம்மாவிடம் எவ்வளவு என்று கேட்டால், “கண் அளவுதான் மகன்” என்பார். அவர் அள்ளிப் போடும்முன் அந்தக் கையைப் பிடித்து, சுண்டில் கொட்டி அளந்து எழுத வேண்டியிருக்கும். இரண்டாம் முறை அளந்தால் அளவு மாறியிருக்கும். அதையும் எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.